மரத்திலேயே முடிய வேண்டிய வேலை: வீட்டு எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களைப் பறிக்கும் பருவம்

மாங்காய் பறித்துப் பழகிய கை, சாத்துக்குடி மரத்தடியில் தவறு செய்துவிடுகிறது. முற்றிய மாங்காயை வைக்கோலில் போட்டு மூடினால் சில நாளில் பழமாகிவிடும். வாழைத்தாரும் அப்படித்தான், சப்போட்டாவும் அப்படித்தான். சாத்துக்குடியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாலும் இனிப்பு ஏறாது. தோல் மஞ்சளாகலாம், லேசாகத் தளரலாம், புளிப்பு ஓரளவு குறையலாம். சுளையில் உள்ள சர்க்கரை மட்டும் பறித்த அன்று எவ்வளவோ அவ்வளவுதான்.

மாங்காயும் வாழைக்காயும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் மரத்தைவிட்டு இறங்குகின்றன. பறித்த பிறகு எத்திலீன் வாயு பெருகி, அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, பம்பளிமாஸ் எதிலும் அப்படி ஒரு இருப்பு கிடையாது. இலையில் தயாராகும் சர்க்கரை காம்பு வழியாக நாள்தோறும் சுளைக்கு வந்து சேர வேண்டும். காம்பை வெட்டியதும் அந்த வரத்து நின்றுபோகிறது. ஆகவே இந்த இனத்தில் ருசியைத் தீர்மானிப்பது பறிக்கும் நாள்தான். லாரிக்கும் சந்தைக்கும் ஏலத்துக்கும் கட்டுப்பட்ட வியாபாரத் தோட்டக்காரருக்கு அந்த நாள் எப்போதும் வாய்ப்பதில்லை. கொல்லையில் ஒரு மரமோ மாடியில் ஒரு தொட்டியோ வைத்திருப்பவருக்கு வாய்க்கும். அப்படியிருந்தும், கடையில் பார்த்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு பறித்து, நல்ல பழத்தை வீணாக்குகிறவர்களே அதிகம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

முதலில் இந்த நிறத்தின் கதையைப் பார்த்துவிடலாம். தோல் பச்சையாக இருப்பதற்குக் காரணம் பச்சையம். அது சிதைந்தால்தான் அடியில் இருக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரியும். பச்சையம் சிதைய இரவுக் குளிர் வேண்டும். பகல் மிதமான வெயிலும், இரவு சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் போகும் இடங்களில் ஆரஞ்சுத் தோல் தகதகவென்று நிறம் ஏறுகிறது. நாக்பூரில் டிசம்பர் இரவுகள் 12 டிகிரி வரை இறங்குகின்றன. சென்னையில் ஜனவரியில்கூட இரவு வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆகவே சமவெளித் தமிழ்நாட்டில் சாத்துக்குடி உள்ளே முழுமையாக முதிர்ந்த பிறகும் வெளியே பச்சையாகவோ, பச்சையும் மஞ்சளும் கலந்தோதான் இருக்கும். இலங்கையில் மொனராகலை மாவட்டத்துப் பிபிலை ஆரஞ்சு இனிப்புக்குப் பேர் பெற்றது. பழுத்தாலும் அதன் தோல் பச்சையாகவே நிற்கும். அங்குள்ளவர்கள் அதைக் காய் என்று ஒதுக்குவதில்லை. வியட்நாமிலும் பச்சைத் தோல் ஆரஞ்சைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். வெப்ப நாட்டு ஆரஞ்சின் இயல்பான நிறமே பச்சைதான். குளிர்நாட்டு ஆரஞ்சின் படத்தைப் பார்த்து, நம் மரத்தில் ஏதோ குறை என்று நினைக்கத் தேவையில்லை.

நிறம் இரண்டு திசையிலும் ஏமாற்றும். வலென்சியா ரக ஆரஞ்சு ஒருமுறை நிறம் ஏறிய பிறகு, வெயில் காலம் வரை மரத்தில் விட்டு வைத்தால் தோல் மீண்டும் பச்சைக்குத் திரும்பிவிடும். உள்ளே இனிப்பு கூடிக்கொண்டே போகும் காலத்தில் வெளியே பழம் காயாகிக்கொண்டிருக்கும்! எதிர்த்திசைக்குச் சாட்சி வணிக வரலாற்றில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பச்சை எலுமிச்சைகளை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் அடுக்கி மஞ்சளாக்கினார்கள். சூடுதான் நிறத்தைக் கொண்டுவருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அடுப்புப் புகையில் உள்ள எத்திலீன்தான் அந்த வேலையைச் செய்கிறது என்று 1924-இல் அமெரிக்க வேளாண் துறையின் டென்னி காட்டினார். இன்றும் பல நாடுகளில் பச்சை ஆரஞ்சை அறையில் அடைத்து, காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டும் எத்திலீன் கலந்து, இரண்டு மூன்று நாளில் நிறம் மாற்றுகிறார்கள். தோலின் பச்சையம் மட்டுமே போகிறது. சுளையில் ஒரு மாற்றமும் இல்லை. கடையில் மஞ்சளாகப் பளபளக்கும் பழம் புளித்துக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். இதே காரியத்துக்குக் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது.

நிறம் வேறொரு செய்தியைச் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அதைக் கவனிக்கத்தான் வேண்டும். நல்ல ஆரஞ்சில் நிறம் பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்து, அதாவது பூவின் சூல்முடி இருந்த நுனியிலிருந்து தொடங்கி மேலேறும். கிரீனிங் நோய் கண்ட மரத்தில் இது தலைகீழாகும்: காம்புப் பக்கம் மஞ்சளாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். அந்தப் பழத்தைக் காம்பிலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் நடுத்தண்டு நேராக இல்லாமல் வளைந்திருக்கும், ஒரு பக்கச் சுளை பெரிதாகவும் மறுபக்கம் சூம்பியும் இருக்கும், விதைகள் கறுத்துப் பதராகிக் கிடக்கும், சாறு கசக்கும். காத்திருந்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பழத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. சிறு தத்துப்பூச்சி போன்ற சிட்ரஸ் சில்லிட் பரப்பும் இந்த நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. கீழ்ப்பழனி மலைகளில் கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நிறத்தை ஒதுக்கிவிட்டால், உள்ளே நடப்பதை எப்படி அறிவது? வலென்சியா ஆரஞ்சின் வளர்ச்சியை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த பெயின் 1958-இல் அதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள். முதல் கட்டத்தில் செல்கள் பெருகுகின்றன, காயின் பெரும்பகுதி தோல்தான். இரண்டாவதில் சுளைகளின் சாற்றுப்பைகள் நீரை வாங்கி உப்புகின்றன. காய் வேகமாகப் பெருக்கும் காலம் இது. மூன்றாவதில் அளவு அதிகம் கூடுவதில்லை. சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. வீட்டுக்காரர்கள் பறித்துவிடுவது பெரும்பாலும் இரண்டாம் கட்டம் முடியும் நேரத்தில்தான். காய் உரிய பருமன் அடைந்துவிட்டது, இனி என்ன என்று தோன்றும். ஆனால் ருசி வருவதே அதற்குப் பிறகுதான்.

சிட்ரிக் அமிலம் சுளையில் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறது. பழம் பெருக்கும்போது அது நீர்த்துப்போகிறது. பழத்தின் மூச்சில் செலவாகவும் செய்கிறது. இரவு வெப்பமாக இருந்தால் அந்தச் செலவு அதிகம். வெப்ப நாட்டு ஆரஞ்சு புளிப்புக் குறைந்து சப்பென்று இனிப்பதும், குளிர்ந்த நாட்டு ஆரஞ்சில் இனிப்போடு துள்ளலான புளிப்பு நிற்பதும் இதனால்தான். நம் ஊர்ப் பழத்தைப் பொறுத்தவரை இதன் பொருள்: புளிப்பு இறங்கிவிட்ட பிறகும் மரத்தில் வெகுகாலம் விட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிடும். காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

வணிக உலகம் இந்தச் சமநிலையை எண்ணால் பிடிக்கப் பார்த்தது. சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவைப் பிரிக்ஸ் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரை. அதை அமிலத்தின் சதவீதத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். கலிஃபோர்னியாவில் நேவல் ஆரஞ்சுக்கு நெடுங்காலம் 8-க்கு 1 என்பதே குறைந்தபட்ச விதி. இந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. பிரிக்ஸ் 8, அமிலம் 1 உள்ள பழமும், பிரிக்ஸ் 12, அமிலம் ஒன்றரை உள்ள பழமும் ஒரே விகிதம் பெறும். முதலாவது நீர்த்த பழம், இரண்டாவது செறிந்த பழம் என்பது நாக்குக்குத் தெரியும், விகிதத்துக்குத் தெரியாது. எனவே 2012-இல் கணக்கை மாற்றினார்கள்: அமிலத்தை நான்கால் பெருக்கி, பிரிக்ஸிலிருந்து கழித்து, மீதியை 16.5-ஆல் பெருக்க வேண்டும்; விடை 90-ஐத் தொட்டால் பழம் சந்தைக்குத் தகும். முன்சொன்ன முதல் பழத்துக்கு 66 வரும், இரண்டாவதற்கு 99. உண்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் விரும்பியதோடு ஒத்துப்போகும் கணக்காக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது கருவிகள் இத்தனை காலம் சுற்றி, கடைசியில் நாக்கிடமே வந்து நின்றிருக்கின்றன.

வீட்டில் பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பழத்தைப் பறித்து வெட்டித் தின்று பார்ப்பதே போதும். ஆனால் எந்தப் பழம் என்பது முக்கியம். ஃபுளோரிடாவில் சைட்ஸ், ரைட்ஸ் என்ற இருவர் 1940-களின் கடைசியில் வலென்சியா மரத்தின் பழங்களை, மரத்தில் எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு தனித்தனியாகச் சோதித்தார்கள். வெயில் படும் வெளிக்கிளைப் பழங்களில் இனிப்பு கூடுதலாகவும், இலை மறைவில் உள்ளே தொங்கியவற்றில் குறைவாகவும் இருந்தது. ஒரே மரத்துப் பழங்கள் ஒரே நாளில் பதத்துக்கு வருவதில்லை. வெளிக்கிளைப் பழம் ஒன்றும் உட்கிளைப் பழம் ஒன்றும் எடுத்துச் சோதித்தால் மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று புரியும். வெளிப்பழம் இனித்து, உட்பழம் புளித்தால் வெளிப்பக்கத்தை மட்டும் இப்போது எடுத்துக்கொண்டு, மற்றதை இரண்டு மூன்று வாரம் விடலாம். ஒரே பழத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு: அடிப்பக்கம் காம்புப் பக்கத்தைவிட இனிப்பு. குறுக்கே வெட்டி அடிப்பாதியை மட்டும் ருசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சுளையை முழுதாக எடுத்துத் தின்ன வேண்டும். பெருமழை பெய்த மறுநாளும் சோதிக்க வேண்டாம். வேர் உறிஞ்சிய நீர் பழத்துக்குள் போய் இனிப்பை நீர்க்கச் செய்திருக்கும். சில நாள் வெயில் காய்ந்தபின் அதே மரத்துப் பழம் வேறு ருசி காட்டும்.

பறித்துச் சோதிப்பதற்கு முன், சோதிக்கத் தொடங்கும் மாதத்தைத் தெரிந்துகொள்ள ஒரே வழி பூத்த நாளைக் குறித்து வைப்பதுதான். பூ பூத்ததிலிருந்து நாட்டு எலுமிச்சைக்கு ஐந்து முதல் ஆறு மாதம், விதையில்லா எலுமிச்சைக்கு மூன்று முதல் நான்கு மாதம், கமலா ஆரஞ்சுக்கு எட்டு ஒன்பது மாதம், சாத்துக்குடிக்கு அதற்கும் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிர விவசாயிகளின் கணக்கு முழுக்கவே பூவை வைத்துத்தான். நீரை நிறுத்தி மரத்தை வாட விட்டு, பிறகு பாய்ச்சிப் பூ வரவழைக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பூக்கும் அம்பியா பகார் என்ற போகம் அக்டோபருக்குப் பின் அறுவடைக்கு வருகிறது. மழை தொடங்கும்போது பூக்கும் மிருக் பகார் அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஆனால் நம் வீட்டு மரம் வாடுவதேயில்லை. நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறோம். அதனால் தொட்டி எலுமிச்சையில் ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் காயும் பழமும் சேர்ந்து நிற்கும். எது எப்போது பூத்தது என்று நினைவில் வைக்க முடியாது. பூங்கொத்து வந்த கிளையில் ஒரு வண்ண நூலைக் கட்டி, காலண்டரில் அந்த நிறத்தைக் குறித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்த கொத்துக்கு வேறு நிறம்.

எலுமிச்சையின் பதம் தனிவகை. அதில் இனிப்புக்கு வேலையில்லை. சாற்றில் 5 முதல் 7 சதவீதம் வரை அமிலம் இருப்பதுதான் அதன் மதிப்பு. ஆகவே கேள்வி சாறு நிறைந்துவிட்டதா என்பது மட்டுமே. அதைத் தோலே சொல்லும். பிஞ்சில் தோல் கரும்பச்சையாக, மினுக்கம் இல்லாமல், எண்ணெய்ப் புள்ளிகள் நெருக்கமாகச் சொரசொரவென்று இருக்கும். காய் நிறைய நிறையத் தோல் இழுபட்டு வழுவழுப்பாகி, வெளிர்பச்சையில் ஒரு மினுக்கம் வரும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கித் திரும்பும். இந்த நிலையிலிருந்து முழு மஞ்சள் வரை எப்போது பறித்தாலும் சாறு கிடைக்கும். கரும்பச்சைக் காயைப் பிழிந்தால் சாறு சொற்பம், தோலின் கசப்பும் கூடவே இறங்கும். முழு மஞ்சளுக்கு விட்டால் பழம் தானே உதிரும். தென்காசி மாவட்டம் புளியங்குடிச் சந்தையில் மஞ்சள் எலுமிச்சைக்கே மரியாதை. ஊறுகாய் போடுகிறவர்களும் மெல்லிய தோல் மஞ்சள் பழத்தைத்தான் தேடுவார்கள். விதையில்லா எலுமிச்சை இதற்கு நேர்மாறு. அதைப் பச்சையிலேயே எடுத்துவிட வேண்டும். மஞ்சளாகும் வரை வைத்தால் நுனிப்பக்கம் சிதைந்து கெட்டுப்போகும். நர்சரியில் வாங்கிய செடி எது என்று தெரியாமல் இரண்டுக்கும் ஒரே நியதியை வைப்பதுதான் பலரைக் குழப்புகிறது.

நாரத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊறுகாய்க்கும் உப்பு நாரத்தங்காய்க்கும் அது பழமாகவே கூடாது. முற்றிய, இன்னும் மஞ்சள் தட்டாத காயை எடுத்தால்தான் சுருள் சுருளாக அரிந்து, மடிப்புகளில் உப்பை அடைத்து வெயிலில் காயப்போடும்போது தோல் குலையாமல் நிற்கும். பழுத்துவிட்டால் கத்தி பட்டதும் குழைந்துவிடும். ஒரே மரத்தில் ஊறுகாய்க்கு ஒரு பதம், சாற்றுக்கு இன்னொரு பதம். அறுவடைக் காலம் என்ற ஒன்று தனியாக இருப்பதாக நினைக்காமல், என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு மரத்தடிக்குப் போவது நல்லது.

மரத்திலேயே விட்டு வைக்கும் வசதியும் ரகத்துக்கு ரகம் வேறு. சாத்துக்குடி பதம் வந்தபின் சில வாரம் பொறுக்கும். கமலா ஆரஞ்சு பொறுக்காது; தோல் சுளையை விட்டு விலகி உப்பிக்கொள்ளும், சுளையில் சாறு வற்றும். சாத்துக்குடியையும் அளவு கடந்து விட்டால் சாற்றுப்பைகள் வெளிறி, வாயில் போட்டால் சக்கை மென்றதுபோல் ஆகிவிடும். காம்புப் பக்கத்தில்தான் இது முதலில் தொடங்கும். இளமரத்தின் பெரிய பழங்களில் இது அதிகம். பம்பளிமாஸ் நிதானமான பழம். பறித்தபின் ஓரிரு வாரம் நிழலில் வைத்தால் தோல் சற்றுச் சுருங்கி, உரிக்க எளிதாகும். மரத்தில் பழத்தை நெடுநாள் விடுவதற்கு இன்னொரு விலையும் உண்டு: சுமையோடு நிற்கும் மரம் அடுத்த முறை குறைவாகப் பூக்கும். வாசனை வந்த பழத்தைத் தேடி இரவில் வரும் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி தோலில் ஊசித் துளை போட்டுவிட்டுப் போகும். அந்த இடம் அழுகிப் பழம் உதிரும்.

எவ்வளவு காத்திருந்தாலும் இனிக்காத மரங்களும் உண்டு. நட்ட பின் முதல் ஓரிரு காய்ப்பில் தோல் தடித்து, சாறு குறைந்திருப்பது இயல்பு. அதை வைத்து ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். இன்னொரு காரணம் கொஞ்சம் கடுமையானது. ஒட்டுச்செடியில் மேலே சாத்துக்குடி இருந்தாலும் கீழே இருப்பது பெரும்பாலும் ஜம்பேரி போன்ற முரட்டு எலுமிச்சையின் வேர். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் போத்தைக் கிள்ளாமல் விட்டால் அது வேகமாக வளர்ந்து மேல்செடியை அமுக்கிவிடும். சில ஆண்டு கழித்துக் காய்ப்பது வேரின் பழம். சொரசொரப்பான தோலும் கடும்புளிப்புமாகத் தொங்கும் அதைச் சாத்துக்குடி என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மரத்தடியில் குனிந்து, அந்தக் கிளை ஒட்டுக்கு மேலே தொடங்குகிறதா கீழே தொடங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பதம் வந்த பழத்தைப் பிடுங்கக் கூடாது. இழுத்தால் காம்போடு ஒட்டியிருக்கும் தோல் வட்டமாகப் பிய்ந்து வரும், கமலா ஆரஞ்சில் இன்னும் மோசமாக. அந்தக் காயத்தின் வழியேதான் பச்சைப் பூசணம் உள்ளே நுழைகிறது. காயமில்லாத தோலை அதனால் துளைக்க முடியாது. ஒரு கையால் பழத்தைத் தாங்கி, கத்தரியால் காம்பைச் சிறிது விட்டு வெட்டி, பிறகு பழத்தோடு ஒட்ட இரண்டாம் முறை வெட்ட வேண்டும். நீண்டு நிற்கும் காம்பு கூடையில் அடுத்த பழத்தைக் குத்தும். பனி ஈரம் காயாத காலையிலும், மழை விட்ட உடனேயும் பறிக்க வேண்டாம். அப்போது தோல் நீரேறி விறைத்திருக்கும். லேசான அழுத்தத்திலேயே எண்ணெய்ப் பைகள் உடைந்து, அந்த எண்ணெய் பட்ட இடம் ஓரிரு நாளில் பழுப்புத் தழும்பாகிவிடும். பத்து மணி வாக்கில், தோல் காய்ந்தபின் பறித்தால் அந்தத் தொல்லை இல்லை.

பறித்த எலுமிச்சை வெளியில் கிடந்தால் வெயில் காலத்தில் சில நாளிலேயே தோல் வற்றிக் கல்லாகும். துளையிட்ட பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். 9, 10 டிகிரிதான் அதற்கு உகந்த குளிர். அதற்கும் கீழே நெடுநாள் இருந்தால் தோலில் பள்ளம் பள்ளமாக விழும். ஆகவே ஃப்ரீசருக்கு அடுத்த மேல்தட்டில் வைக்காமல் கீழ்த்தட்டில் வைக்கவும். அடிபட்டதையும் காம்பிடம் பிய்ந்ததையும் அன்றே பிழிந்துவிடவும்.